செட்டிநாட்டு வீட்டில் கடல் தொட்டி: மீனுக்கு முன்னால் தண்ணீர்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் கடல் மீன் மேல் ஆசை வந்துவிடுகிறது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், நீல வெளிச்சத்தில் அசையும் பவளம், பாறை இடுக்கிலிருந்து மீசையை நீட்டும் இறால் என்று செல்போனில் நாலு வீடியோ பார்த்தால் போதும், தொட்டி விலை விசாரிக்கக் கிளம்பிவிடுவோம். கிளம்பும் முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சமாகும். கடல் தொட்டியில் நாம் வளர்ப்பது தண்ணீரைத்தான். அது ஒரே சீராக இருந்தால் மீனுக்கும் பவளத்துக்கும் நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

நம் ஊர்க் கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் நிரம்பி மறுகால் போகும். பங்குனி, சித்திரையில் சேறாகிவிடும். அதில் கிடக்கும் விரால் இரண்டையும் தாங்கப் பழகியது. பவளப் பாறை இருக்கும் கடல் அப்படி இல்லை. அங்கே ஒரு கிலோ தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு, பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8.1, 8.2 என்ற அளவில் நிற்கும். வெப்பமும் இரவுக்கும் பகலுக்கும் பெரிதாக மாறாது. அங்கே வாழும் உயிர்களுக்குத் திடீர் மாற்றத்தைச் சமாளிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. ஆகவே நாம் பிடித்து வைக்க வேண்டியது அந்த மாறாத்தன்மையைத்தான். தொட்டிக்கு வாங்கும் ஒவ்வொரு கருவியும் இதற்காகத்தான்.

இதனால்தான் 'முதலில் சின்னதா ஒரு அடித் தொட்டி வச்சுப் பாப்போம்' என்பது தப்புக் கணக்கு. 20 லிட்டரில் ஒரு நத்தை செத்தால் தண்ணீர் முழுக்கக் கெடும். 200 லிட்டரில் அதே நத்தை செத்தால் நமக்குத் தெரியக்கூட வராது. வீட்டில் இடமும் வேண்டும், செலவும் அடங்க வேண்டும் என்றால் இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே உயரம் என்று ஒரு கண்ணாடித் தொட்டி செய்து வாங்கலாம். கணக்குப்படி 110 லிட்டர் வரும். பாறையும் மணலும் போனால் தண்ணீர் 90 லிட்டர் நிற்கும். இதற்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்டாண்டோடு சேர்த்து எடை 150 கிலோவை நெருங்கும். கீழ்த்தளத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துவிட்டால் கவலை இல்லை. பழைய வீட்டு மாடியில், தேக்குப் பலகைத் தளத்தின் மேல் வைக்கப்போகிறவர்கள் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வையுங்கள்.

உப்பில் என்ன இருக்கிறது

சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆகாது. கடல் உப்பில் சோடியம் குளோரைடு முக்கால் பங்குக்குச் சற்று மேல். மீதியில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் உண்டு. தூத்துக்குடி உப்பளத்தில் பார்த்தால் தெரியும்: உப்பு பாத்தியில் படிந்ததும் மேலே நிற்கும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மெக்னீசியத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். சாப்பாட்டுக்கு அது நல்லது, பவளத்துக்கு ஆகாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் 400 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகக் கால்சியமும் இருக்க வேண்டும். அதற்கென்றே விற்கும் ரீஃப் உப்பை, அதாவது பவளத் தொட்டிக்கான உப்பை, வாங்குவதைத் தவிர வழியில்லை. 90 லிட்டருக்கு மூன்றேகால் கிலோவுக்குக் குறையாமல் பிடிக்கும்.

தொண்டிக் கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, கேனில் பிடித்து வரலாமே என்ற யோசனையும் வரும். எங்கள் அப்பத்தா ஒரு படி மேலே போய், "கடலைத்தான் பாக்கணும்னா தொண்டிக்கே போயிட்டு வரலாமேப்பா" என்று முடித்துவிட்டார். கரையோரத் தண்ணீரில் கலங்கலும் சாக்கடையும் படகு எண்ணெயும் இருக்கலாம். மழைக்காலத்தில் ஆற்று நீர் கலந்து உப்பும் இறங்கிவிடும். கரையைவிட்டு உள்ளே போய் எடுத்து, வடிகட்டி, இருட்டில் சில வாரம் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. புதியவருக்கு அந்தப் பாடு வேண்டாம்.

இனி வருவதுதான் வெயில் ஊர்க்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர். உப்பு அப்படியே தங்கிவிடும். 90 லிட்டரில் 35 என்ற அளவில் உப்பு இருக்கிறது, சித்திரை வெயிலில் நாலைந்து நாளில் 9 லிட்டர் குறைந்துவிட்டது என்று வையுங்கள். மிச்சம் 81 லிட்டர், உப்பு மட்டும் அதே உப்பு. கணக்குப் போட்டால் 39 வருகிறது. இந்த நிலையில் 'குறைந்ததை நிரப்புவோம்' என்று உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றினால், மேலும் உப்பு ஏற்றுகிறோம் என்று அர்த்தம். ஆவியானதற்கு ஈடாக உப்பில்லாத சுத்த நீரைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. வெளியே எடுத்துக் கொட்டி மாற்றும் தண்ணீருக்கு மட்டும்தான் உப்பு கரைத்த புது நீர். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இதைத் தானாகச் செய்ய மிதவை வைத்த சின்ன மோட்டார் கிடைக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் அதே மிதவைதான், அளவில் சின்னது. தொட்டியில் மட்டம் ஓர் இழை குறைந்ததும் பக்கத்து வாளியிலிருந்து சுத்த நீரை ஏற்றும். ஆடம்பரச் சாமான்களில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். கைக்கு அடக்கமான குழல்; நுனியில் சாய்வான கண்ணாடி, அதன்மேல் ஒரு மூடி. கண்ணாடியில் இரண்டு சொட்டு தொட்டி நீரை விட்டு, குமிழி இல்லாமல் மூடியைச் சாத்தி, அரை நிமிடம் விட்டு, முற்றத்து வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், வட்டத்துக்குள் மேல் பாதி நீலமாகவும் கீழ்ப் பாதி வெள்ளையாகவும் தெரியும். இரண்டும் சேரும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பின் அளவு. 35-ல் நிற்க வேண்டும். பக்கத்தில் உள்ள ஒப்படர்த்தி அளவுகோலில் பார்த்தால் அது 1.026 என்று காட்டும். கருவியைச் சரிபார்க்க அதே 35 அளவில் விற்கும் பரிசோதனை நீர் நல்லது. வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டிய கருவி 35-ல் பிசகலாம்.

அண்டாவைத் தள்ளி வையுங்கள்

வளவில் விழும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைப்பது நம் வீடுகளின் பழக்கம். மழைத்தண்ணீர் மென்மையானது, கடல் தொட்டிக்கு ஆகும்தானே என்று தோன்றும். ஆனால் அந்த அண்டா செம்பு அல்லது பித்தளை. பித்தளையிலும் பெரும்பகுதி செம்புதான். இறால், நத்தை, நண்டு, பவளம் எல்லாவற்றுக்கும் செம்பு விஷம். மிக நுண்ணிய அளவே போதும். மீன் தாங்கிக்கொள்ளும் செம்பில் இறால் செத்துப்போகும். பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் மெல்ல விடுவதும் உண்டு. ஆகவே அண்டா, பித்தளைக் குழாய், செம்புச் சொம்பு எதுவும் தொட்டித் தண்ணீர் பக்கம் வரக்கூடாது. உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் வாளி இரண்டைத் தனியாக எடுத்து வைத்து, அவற்றில் சோப்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்னீர் மீனுக்கு வாங்கி வைத்திருக்கும் நோய் மருந்தையும் எடுத்து ஊற்றாதீர்கள். பலவற்றில் செம்பு இருக்கிறது.

சரி, எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும், அந்த ருசியே கரைந்திருக்கும் தாதுக்களால் வருவது. வீட்டு ஆர்ஓ இயந்திரமும் முழுத் தீர்வு இல்லை. குடிப்பதற்கு ருசி வேண்டுமென்று பலவற்றில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் அமைப்பு வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் 40, 60 என்று காட்டும். ரீஃப் தொட்டிக்குப் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆர்ஓவுக்குப் பின்னால் மிச்சத் தாதுக்களையும் பிடித்துவிடும் டிஐ பிசின் குழல் ஒன்று சேர்த்தால் வந்துவிடும். இல்லாவிட்டால் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் உள்ளே போய்க் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி படரும்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

தண்ணீர் தயார், பாறை அடுக்கியாயிற்று, மோட்டார் ஓடுகிறது. இப்போது மீன் விடலாமா? இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். புதிய தொட்டிகளில் பெரும்பாலானவை கெடுவது இந்த இடத்தில்தான்.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அமோனியா வரும். மீனின் செவுளைத் தீய்க்கும் விஷம் அது. பி.எச். கூடக் கூட அமோனியாவின் விஷமும் கூடும். கடல்நீரின் பி.எச். எட்டுக்கு மேல் என்பதால், நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிய அளவு இங்கே கொன்றுவிடும். கடலில் இதைச் சாப்பிட பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் பவளத்துக்குக் கெடுதல் இல்லை, சொல்லப்போனால் தேவையும்கூட. இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது குறைவு. பாறையின் துளைகளிலும் மணலிலும் ஒட்டி வாழும். நுண்துளைகள் நிறைந்த பாறை கேட்பது இதற்காகத்தான். துளைகளின் உள்ளே பிராணவாயு எட்டாத ஆழத்தில் வேறு வகைப் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். அங்கே ஒரு சுற்று முடிகிறது.

புதுத் தொட்டியில் இவை இல்லை. நாம்தான் வளர்க்க வேண்டும். சந்தையில் வாங்கிய உரிக்காத இறால் ஒன்றைத் தொட்டியில் போட்டு அழுக விடுவது பழைய முறை. வாடை வரும், வீட்டில் பேச்சும் வாங்குவோம். அளந்து அம்மோனியம் குளோரைடு விடுவதும், புட்டியில் வரும் பாக்டீரியாவை ஊற்றுவதும் இப்போதைய முறை. எப்படியானாலும் அமோனியா டெஸ்ட் கிட் வேண்டும். குழாயில் தொட்டி நீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினால் நிறம் மாறும். பரவலாகக் கிடைக்கும் கிட்டில் மஞ்சள் என்றால் அமோனியா இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. முதல் வாரங்களில் பச்சை ஏறும், அப்புறம் இறங்கும், நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில் நைட்ரேட் தலைகாட்டும். மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அமோனியாவை விட்டபின் ஒரே நாளில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். அன்றைக்கும் ஒரே சமயத்தில் ஐந்து மீன் விடக்கூடாது. இருக்கும் தீனிக்குத் தக்கபடிதான் பாக்டீரியா பெருகியிருக்கும்.

பாக்டீரியாவின் வேலையைக் குறைக்க ஸ்கிம்மர் என்றொரு கருவி உண்டு. பருப்பு கொதிக்கும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்துப் போடுகிறோமே, அந்த வேலையைத்தான் இது காற்றுக் குமிழி வைத்துச் செய்கிறது. கழிவில் உள்ள புரதம் குமிழியில் ஒட்டி மேலேறிக் கோப்பையில் கருப்புத் தண்ணீராகச் சேரும். 90 லிட்டர் தொட்டியில் வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றத் தயாராக இருந்தால் ஸ்கிம்மர் இல்லாமலும் ஓட்டலாம்.

வெயிலும் மின்தடையும்

ரீஃப் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி வரை சுகம். மே மாதக் காரைக்குடியில் வெளியே 38, 39 போகும்போது சாதாரண கான்கிரீட் வீட்டுக்குள் 33-க்குக் குறையாது. பழைய வீட்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு கொடுப்பினை: கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை. இரண்டாம் கட்டில் வெயில் படாத மூலையாகப் பாருங்கள். முற்றத்து வெயில் நேராக விழும் இடத்தில் வைத்தால் சூடும் ஏறும், பாசியும் பிடிக்கும்.

அப்புறம் மின்விசிறி. தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று வீசும்படி ஒரு சின்ன விசிறியை மாட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் குறைந்த ஊரில் இது நன்றாகவே வேலை செய்யும். கடற்கரை ஊர்களில் இவ்வளவு பலன் கிடைக்காது. விசிறி ஓடினால் ஆவியாவதும் கூடும் என்பதால் மேலே சொன்ன மிதவை மோட்டார் இங்கே கைகொடுக்கும். இதற்கும் அடங்காவிட்டால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வேண்டும். தொட்டியைவிட அதன் விலை அதிகமாக இருக்கும். ஐஸ் பாட்டிலை உள்ளே போடுவது அவசரத்துக்கு மட்டும். தினமும் செய்தால் வெப்பம் ஏறி இறங்கியே உயிர்கள் சோர்ந்துவிடும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் பொழுது சாயத்தான் வரும் என்பது நமக்குத் தெரிந்த கதை. அந்நேரம் மீனுக்கு முதல் ஆபத்து மூச்சுத் திணறல். சூடான நீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும், உப்பு நீரில் இன்னும் குறைவு. தண்ணீரைக் கலக்கும் அலை மோட்டார் ஒன்றை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள். விளக்கு ஒரு பகல் எரியாவிட்டால் ஒன்றும் ஆகாது. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருந்தால் நல்லது. மற்றதில் மோட்டார் முனகிச் சூடாகும். அது இல்லாதவர்கள் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைக்கலாம்.

உப்பு எங்கே வேண்டுமானாலும் ஏறும். ஒயர் வழியாக வழிந்து பிளக்குக்குள் போகாமல் இருக்க, ஒயரைக் கீழே தொங்கவிட்டு மறுபடி மேலேற்றிச் செருகுங்கள். தரையில் சிந்தியதை அப்போதே துடைக்காவிட்டால் ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளைத் திட்டு விழும். உப்புக் கடற்காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று ஆராய நம்மூர் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) கடலோர மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. ஸ்டாண்டை இரும்பில் செய்யப்போகிறவர்கள் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பவளம் என்ற விலங்கு

பவளம் செடியோ கல்லோ இல்லை, விலங்கு. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெளிச்சத்தில் சர்க்கரை செய்து பவளத்துக்குக் கொடுக்கும்; பவளம் அதற்கு இடமும் சத்தும் கொடுக்கும். தொட்டியில் நீல விளக்கு போடுவது அழகுக்காக மட்டும் இல்லை. கடலுக்குள் சிவப்பு ஒளி மேலேயே அடங்கிவிடும், நீலம்தான் ஆழம் வரை போகும். அந்த ஒளிக்குப் பழகிய பாசி அது. நாளுக்கு எட்டு மணி நேரம் போதும். தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும், நீண்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடாகிப் பவளங்கள் இப்படி வெளுத்தன. கடலிலேயே அப்படி என்றால், நம் வீட்டு 90 லிட்டரில் விசிறி நின்றுபோன ஒரு மே மாத மதியம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில் இருக்கின்றன. கடல் குதிரையும் அப்படியே. உயிரோடு இருந்தாலும் செத்த துண்டாக இருந்தாலும் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். இராமேசுவரம் போன இடத்தில் யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதற்கு முன் அங்கே சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப் பாறையை வெட்டி எடுத்ததில் கரைக்கு அரண் போய், அந்தத் தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. தொட்டிக்குப் பாறை வேண்டுமென்றால் செயற்கையாகச் செய்த செராமிக் பாறை கிடைக்கிறது, பாக்டீரியாவுக்கு அது போதும்.

புதியவர்களுக்கு ஏற்றவை காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். ஜோயாந்திட் என்ற பூப்போன்ற வகையும் சுலபமாக வளரும். ஆனால் சில இனங்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. அது ஒட்டிய பாறையை வெந்நீரில் போட்டுக் கழுவவே கூடாது, ஆவியே ஆளைச் சாய்க்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் கல் பவளத்துக்குக் கால்சியம் ஏற்றச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். மென்பவளத் தொட்டிக்கு அது அவசியமில்லை, வாரம் மாற்றும் புதுத் தண்ணீரிலேயே வேண்டிய கால்சியம் வந்துவிடும். ஆச்சியின் சுண்ணாம்பு டப்பாவை அவரிடமே விட்டுவிடுங்கள்.

யாரை விடுவது, எவ்வளவு போடுவது

முதல் மீன் கோமாளி மீன் ஜோடி. பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்தவை கிடைக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்குங்கள். இவை எல்லாமே ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். சின்னதாக இரண்டு வாங்கினால் அவையே முடிவு செய்துகொள்ளும். கடலில் இவை ஒண்டியிருக்கும் கடல் சாமந்தி என்ற உயிர் இல்லாமலும் இவை நன்றாக வாழும்; கடல் சாமந்தி புதியவருக்கு வேண்டாத தலைவலி. கூட ஒரு கோபி மீன், நாலைந்து நத்தை, ஒரு இறால், அவ்வளவுதான். நீல டாங் மீன் பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அது நீந்த இதைவிட மிக நீளமான தொட்டி வேண்டும்.

தீனி விஷயத்தில் கையை இறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. பசிக்கிற மாதிரி கண்ணாடியண்டை வந்து ஆடும், நம்பாதீர்கள்.

செட்டிநாட்டில் கல்யாணம், படைப்பு, கோயில் என்று நாலு நாள் ஊருக்குப் போவது சாதாரணம். வளர்ந்த கோமாளி மீனுக்கு இரண்டு மூன்று நாள் பட்டினியால் ஒன்றும் வராது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பாவம் பார்த்து டப்பாவைக் கவிழ்ப்பதில்தான் ஆபத்து. ஒவ்வொரு நாளுக்கும் உரிய தீனியைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு, டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப் போங்கள். சுத்த நீர் வாளியை நிரப்பி வைத்து, தொட்டியில் உப்புத் தண்ணீர் எதையும் ஊற்ற வேண்டாம் என்று ஒரு சீட்டில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள்.